மலையக இலக்கியத்தில் கடனும் குழந்தையும்

வறுமையைப் பாடாத புலவர் தமிழில் அரியர். ஆயின், அவ்வறுமையைத் தம் மகவுக்கு எங்ஙனம் உரைப்பது என்னும் இடர்ப்பாட்டை எண்ணிப் பார்த்தோர் அவரினும் அரியர். புறநானூற்றின் 160ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் அவ்விடர்ப்பாட்டைக் காட்டுகிறார். குமணனைக் காணச் சென்ற அப்புலவர் தம் வீட்டின் நிலையை அவனுக்கு எடுத்துரைக்கும் பகுதி அது. உணவு இல்லாமையால் வீட்டையே மறந்து திரிகிறான் சிறுவன். தாயின் முலையில் பால் இல்லை. சோறேனும் கூழேனும் இருக்குமோ என்று ஒவ்வொரு கலமாகத் திறந்து பார்க்கிறான்; எல்லாம் வெறுங்கலமாய் இருத்தல் கண்டு அழுகிறான். அப்போது தாய் செய்வது யாது? புலி வருகிறது என்று அச்சுறுத்துகிறாள். அது பயன்படாமற் போகவே நிலவைக் காட்டுகிறாள். அதுவும் பயன்படாமற் போகவே, உன் தந்தையை நினைத்து நீ சினந்தால் உன் முகம் எப்படி இருக்கும், அதைக் காட்டு என்கிறாள்.

இம்மூன்று உபாயங்களும் ஆராயத்தக்கவை. அச்சம் ஒன்று, வேடிக்கை ஒன்று, பழியைத் தந்தைமேல் திருப்பும் விளையாட்டு ஒன்று. 'வீட்டில் அரிசி இல்லை' என்னும் ஒரு சொல் மட்டும் அவள் வாயில் வரவில்லை. வெறுங்கலத்தைத் திறந்து பார்த்துவிட்ட குழந்தைக்கு அது முன்னமே தெரியும் என்பதே பாட்டின் கொடுமை. அறிந்தவனிடம் மறைப்பதற்கு அவள் படும் பாட்டையே புலவர் பாடுகிறார். உரைகாரர்கள் இவ்விடத்தைப் பெரும்பாலும் வறுமையின் மிகுதிக்குச் சான்றாக மட்டும் கொண்டு கடந்து செல்கின்றனர். தாய்க்கும் மகனுக்கும் இடையே பேசப்படாது நின்றது யாது என்று நின்று நோக்கியவர் சிலரே.

நிலவைக் காட்டும் இவ்வழக்கம் நம் தாலாட்டு மரபிலும் தொடர்கிறது. ஓலைக் குடிசையிற் பிறந்த குழந்தைக்கும் தாலாட்டில் பொற்றொட்டில் உண்டு. மாமன்மார் முத்தும் பவளமும் கொண்டுவருவர். பால் குடிக்க வெள்ளிக் கிண்ணம் வரும். இதனைப் பொய் என்று இகழ்தல் பொருந்தாது. பாடுபவளுக்கும் அது ஓர் இளைப்பாறல். ஆயினும், பொருள் பற்றிக் குழந்தையின் செவியில் முதலில் விழும் பேச்சு, வீட்டில் இல்லாத பொருள் பற்றிய பேச்சாகவே அமைகின்றது என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். குசேலோபாக்கியானத்தில் இருபத்தேழு பிள்ளைகளும் பசியால் அழுகின்றனர்; ஒன்றுக்குக் கஞ்சி வார்க்கையில் மற்றொன்று கை நீட்டுகிறது. அங்கும் தாய் கணவனிடம் பேசுகிறாள். கணவன் கண்ணனிடம் செல்கிறான். பிள்ளைகளோடு பேசுவார் எவருமிலர். அரிச்சந்திரன் கதையில் வரும் லோகிதாசன் ஒருவனே இவ்வகையில் வேறுபட்டு நிற்கிறான். முனிவருக்குத் தந்தை பட்ட கடன் அச்சிறுவனுக்கு மறைக்கப்படவில்லை. அதை அறிந்தே தாயோடு விலைப்பட்டுப் போகிறான். கூத்து மேடைகளில் அக்கட்டம் வரும்போது பெரியவர்கள் கண்ணீர் விடுவதற்கு, அவன் பாம்பு தீண்டி மாள்வது மட்டுமே காரணம் அன்று போலும்.

இவ்வளவும் பழைய இலக்கியம். இலங்கையின் மலையகத்திற்கு வருவோமாயின் நிலைமை ஒரு வகையில் தலைகீழாகின்றது. நிலவைக் காட்டி மறைப்பதற்கும் ஓர் இடம் வேண்டும். ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளிலுள்ள பழைய லயங்களில் ஒரு குடும்பத்திற்கு வாய்த்தது ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பரா. சமைப்பதும் உறங்குவதும் பிள்ளை பெறுவதும் பிணங்குவதும் அதற்குள்ளேயே. தெளிவத்தை ஜோசப் தம் 'மீன்கள்' என்னும் சிறுகதையில், பருவமடைந்த மகளோடு ஒரே அறையில் வாழ நேர்ந்த குடும்பத்தின் அவலத்தை எழுதினார். அந்த அறையின் நெருக்கத்தால் மானம் படும் பாட்டை அவர் காட்டியதற்கு ஈடாகக் காட்டியவர் இன்னும் இல்லை எனலாம். ஆனால் அவ்வறையிலே வேறொன்றும் நிகழ்கிறது. சம்பள நாள் இரவில் கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசும் கணக்கு அனைத்தும் போர்வைக்குள் விழித்திருக்கும் பிள்ளையின் காதில் விழுகின்றது. கடை பாக்கி, அடகு வைத்த தோடு, பண்டிகை முற்பணம், கைமாற்று ஆகியவற்றை அது கேட்கிறது. ஆனால் எவரும் அதற்குச் சொல்வதில்லை. கேட்பதற்கும் சொல்லப்படுவதற்கும் உள்ள இவ்வேற்றுமையே மலையக இலக்கியத்தை இப்பொருள் நோக்கி அளப்பதற்கு ஏற்ற அளவுகோல்.

பெற்றோர் ஏன் சொல்வதில்லை? பிள்ளையின் மனம் புண்படும் என்பது ஒரு காரணம். வரலாற்றை நோக்கின் வேறொரு காரணமும் புலப்படும். தமிழகத்திலிருந்து வந்தவர், வழிச்செலவுக்கும் முற்பணத்திற்கும் கங்காணியிடம் கடன்பட்டவராகவே தோட்டத்திற் கால் வைத்தார். அக்கடனின் கணக்கு அவர் கையில் இருந்ததில்லை. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின் 'துண்டு' வேண்டும். தொழிலாளர் பட்ட கடனை இன்னொரு தோட்டம் ஏற்றுத் தீர்த்தால் அவர் விடுவிக்கப்படுவர் என்று எழுதிய சீட்டு அது. அதில் என்ன தொகை எழுதியிருந்தது என்பதைப் பெரும்பாலோர் படிக்க அறியார். 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. ஒழிந்தபோதிலும் பழக்கம் ஒழியவில்லை. அரிசிக்கும் மாவுக்கும் இவ்வளவு, முற்பணத்திற்கு இவ்வளவு என்று பிடிப்பு நீங்கிய பின் கையில் வந்ததே சம்பளம். அது எப்படி வந்தது என்று கேட்பது அதிகப் பிரசங்கமாகக் கருதப்பட்டது. மனைவியின் சம்பளத்தையும் கணவனே சென்று வாங்கிவரும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கிடைத்ததே 1984ஆம் ஆண்டில்தான். ஆகவே துரைக்குத் தெரிந்தது கங்காணிக்கு முழுதும் தெரியாது. கங்காணிக்குத் தெரிந்தது தொழிலாளிக்குத் தெரியாது. தொழிலாளிக்குத் தெரிந்தது அவன் மனைவிக்குத் தெரியாது. இவ்வரிசையின் கடைக்கோடியில் நிற்கும் குழந்தைக்கு எவர் எதனைச் சொல்வது? தமக்கே சொல்லப்படாத ஒன்றைப் பெற்றோர் எங்ஙனம் சொல்வர்?

இங்கிருந்து மலைநாட்டு மக்கள் பாடல்களுக்குச் செல்லுதல் தகும். மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக முதற் பாராளுமன்றத்திற்குச் சென்றவரான சி. வி. வேலுப்பிள்ளை, அப்பாடல்களைத் தேடித் தொகுத்து மலையகத்திற்குச் செய்த பணி அளவிடற்கரியது. அப்பாடல்களிலே கங்காணியின் கடுமை உண்டு. அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளை மேல் வசை உண்டு. மலையில் மாண்ட உறவினருக்கு ஒப்பாரி உண்டு. அவற்றின் உருக்கத்தைப் பற்றி எழுதாத திறனாய்வாளர் இல்லை. ஆனால் அவற்றில் எண் மிக அருகியே வருகிறது என்பதை எடுத்துக்காட்டினோர் சிலரே. எவ்வளவு பறித்தோம், எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு எஞ்சியது என்னும் பேச்சு பாடலுக்குள் அரிதாகவே நுழைகின்றது. பாடல் என்றால் எண் வராது என்பார் உளர். நம் விடுகதைகளிலும் விளையாட்டுப் பாடல்களிலும் எண்ணுக்குக் குறைவில்லை. தோட்டப் பாடலில் எண் அருகியதற்குக் காரணம், கணக்குப் புத்தகம் பிறர் மேசையில் இருந்தமையே என்று கொள்வதே பொருந்தும். கணக்கு கைக்கு வராதபோது புலம்பலே மிஞ்சும். அப்புலம்பலைத்தான் தாய் பிள்ளைக்குக் கையளித்தாள். மலைக்குப் போகும் தாயின் முதுகிலும் பிள்ளைக்காம்பராவின் தொட்டிலிலும் குழந்தை கேட்டது அந்த ஓசையையே. துயரம் அதற்கு விளங்கிற்று. துயரத்தின் காரணம் விளங்கவில்லை.

எழுத்திலக்கியம் இம்மரபிலிருந்து எவ்வளவு தூரம் விலகி வந்துள்ளது? புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' தமிழகத்திலிருந்து இத்தோட்டங்களை நோக்கி எழுந்த முதற் பெருங் குரல்களுள் ஒன்று. அதன் ஆற்றல் அதன் சினத்தில் உள்ளது. குழந்தையோடு அமர்ந்து பேசும் பொறுமையை அச்சினத்திடம் எதிர்பார்த்தல் கூடாது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', குடிபெயர்ந்தோரின் வாழ்வைத் தலைமுறைகளாக நெய்து காட்டுகிறது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இவ்விடத்தில் தனித்து நோக்கத்தக்கது. ஓர் இளம்பெண் பறித்த கொழுந்தின் நிறை பற்றி எழும் ஐயமே அக்கதை. அதனால் மலையகக் கதையுலகில் எண் முதன்முதலாக மானத்தோடு பிணைந்து நிற்கிறது. தராசின் முன் நிற்கும் பெண் அழுதுகொண்டு நிற்கவில்லை. தன் கணக்கைத் தானே நிறுவுகிறாள். ஒப்பாரி மரபிலிருந்து இது பெரியதொரு விலகல். இராமையாவை அவர்தம் மொழிநடைக்காக மட்டும் பாராட்டுவோர் இதனைக் காணாது விடுகின்றனர். ஆனால் அங்கும் கணக்கு பெரியவர்களுக்கிடையே நிகழ்கின்றது. அக்கூடையின் நிறை வீட்டிலுள்ள தம்பிக்கோ தங்கைக்கோ என்ன பொருள் தரும் என்பது கதைக்கு வெளியே நிற்கிறது. சிறுகதைக்கு அது குறையும் அன்று. சிறுகதை ஒரு வாயில் வழியே ஒருமுறை நுழைவது.

எஞ்சி நிற்பது ஒரு பொருள்; மலையகம் முழுதும் அறிந்த பொருள்: கடைக் கொப்பி. மாதம் முழுதும் கடனுக்கு வாங்கும் சாமான் அதில் எழுதப்படும். சம்பளத்தன்று கணக்குத் தீரும், அல்லது தீராது. அக்கொப்பியைச் சுமந்து செல்பவர் யார்? பெற்றோர் விடியலிற் பிரட்டுக்குப் போய்விடுவர். மாலையில் களைத்து வருவர். ஆகவே ஒன்பது வயதுச் சிறுமியே கொப்பியோடு கடைக்குச் செல்கிறாள். பாக்கி மிகுந்த மாதத்திலும் அவளே அனுப்பப்படுகிறாள். பெரியவரிடம் சொல்லக்கூடிய கடுஞ்சொல்லைக் கடைக்காரர் குழந்தையிடம் சொல்லமாட்டார் என்னும் நம்பிக்கையும் அதில் உண்டு. "அடுத்த சம்பளத்துக்குத் தாரோம்னு சொல்லு" என்று தாய் சொல்லி அனுப்புகிறாள். "முதலாளி அம்மாவை வரச் சொன்னாரு" என்று குழந்தை வெறும் பையோடு திரும்புகிறது. பெற்றோர் குழந்தையோடு கடனைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் கடனைப் பற்றிப் பேசும் தூதாக அதனையே அனுப்புகின்றனர். சங்கப் பாட்டின் சிறுவன் திறந்து பார்த்த வெறுங்கலத்தினும் இது கொடிது. அவன் தன் வீட்டுக் கலத்தைத் திறந்தான். இவளோ பிறர் முன்னிலையில் அதனைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. அண்மை ஆண்டுகளில் நுண்கடன் வசூலிப்பார் கிழமைதோறும் லயத்து வாசலுக்கே வருகின்றனர். 'அம்மா வீட்டில் இல்லை' என்று சொல்ல நிறுத்தப்படுவதும் குழந்தையே. பொய் சொல்லாதே என்று கற்பித்த வாயே அதனைப் பொய் சொல்லப் பணிக்கிறது.

இதன் விளைவைப் பள்ளிக்கூடத்திற் காணலாம். 1970களின் பிற்பகுதியில் தொடங்கித் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கப் பொறுப்பில் வந்தன, கல்வி இலவசம். ஆயினும் சப்பாத்துக்கும், கொப்பிக்கும், பஸ்ஸுக்கும், வசதிக் கட்டணத்திற்கும் பணம் வேண்டும். பாடசாலை அனுப்பும் கடிதத்தை வீட்டிற் காட்டாது புத்தகப் பையின் அடியில் மறைக்கும் பிள்ளைகள் உள்ளனர் என்பதை மலையகத்தில் ஆசிரியப் பணி புரிந்தோர் அறிவர். அவர்களைச் சோம்பேறிகள் என்றும் பொய்யர் என்றும் கொள்வது எளிது. உண்மையில் அப்பிள்ளை பெற்றோரைக் காக்கிறது. இரவிற் கேட்ட கணக்கோடு இன்னொரு தொகையைச் சேர்க்க அதற்கு மனம் வரவில்லை. பெற்றோர் பிள்ளைக்காக மறைக்க, பிள்ளை பெற்றோருக்காக மறைக்க, ஒரே காம்பராவில் இரு மௌனங்கள் அருகருகே உறங்குகின்றன. காரணம் சொல்லப்படாத குழந்தை, காரணத்தைத் தானே கற்பித்துக்கொள்ளும். தன் படிப்பே கடனுக்குக் காரணம் என்றுதான் பெரும்பாலும் கற்பித்துக்கொள்கிறது. பின்னர் ஒருநாள் கொழும்பிலே ஒரு வீட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ போய்விடுகிறது. போவென்று எவரும் சொல்லியிரார். உணவில்லாத வீட்டை மறந்து திரிந்த புறநானூற்றுச் சிறுவனை இங்கே மீண்டும் காண்கிறோம். மலையகத்துக் கதைகளில் பள்ளியை விட்டு நீங்கும் பிள்ளைகள் பலர் வருகின்றனர். அவர்கள் நீங்குமுன் தம் மனத்துள் செய்த கணக்கை எழுதிய பக்கம் மிகக் குறைவு.

இம்மௌனம் தோட்டத்திற்கே உரியது என்று எண்ணல் வேண்டா. ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸின் தந்தை 1824ஆம் ஆண்டில் கடனுக்காக மார்ஷல்சி சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய டிக்கன்ஸ், வாரன் என்பவர் பெயரால் விளங்கிய கறுப்பு மைத் தொழிற்சாலையிலே புட்டிகளில் சீட்டு ஒட்டும் வேலை செய்தார். பிற்காலத்தில் 'டேவிட் கொப்பர்பீல்ட்' நாவலில் மிக்கோபர் என்னும் கடனாளியைப் படைத்தார். மிக்கோபரும் அவர் மனைவியும் தம் கடன்களைச் சிறுவன் டேவிட்டிடம் ஒத்த வயதினனிடம் பேசுவது போல் பேசுகின்றனர். வீட்டுச் சாமான்களை அடகுக் கடைக்குக் கொண்டு செல்பவனும் அவனே. வாசகர் அதனைப் படித்துச் சிரிக்கின்றனர். ஆனால் தம் சொந்தப் பிள்ளைகளிடம் டிக்கன்ஸ் மிக்கோபராக இருக்கவில்லை. 1869ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் குடும்பத்தார் கூடி விளையாடிய நினைவாற்றல் விளையாட்டொன்றிலே, தம் முறை வந்தபோது அவர் அத்தொழிற்சாலையின் பெயரையும் தெருவையும் சொன்னார் என்று அவர் மகன் ஹென்றி பின்னாளில் எழுதினார். அக்குரலில் ஏதோ வேறுபாடு தோன்றிற்றாம், பொருள் எவர்க்கும் விளங்கவில்லை, எவரும் கேட்கவுமில்லை. மறு ஆண்டில் டிக்கன்ஸ் மறைந்தார். நண்பர் ஜோன் போர்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்த பின்னரே அப்பெயரின் பொருள் வெளிப்பட்டது. பிள்ளைகள் கேட்டார்கள், அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

மலையகத்துப் பிள்ளைகள் கேட்ட சொல் ஒன்றும் இதனோடு ஒப்பிடத்தக்கது. நாட்கூலியை ஆயிரம் ரூபாயாக்க வேண்டும் என்னும் கோரிக்கை பல ஆண்டுகள் மேடையிலும் வானொலியிலும் ஊர்வலத்திலும் முழங்கிற்று. 2021இல் சம்பள நிர்ணயச் சபை அத்தொகையை நிர்ணயித்தது. 'ஆயிரம் ரூபாய்' என்று கோஷமிட்டு விளையாடிய பிள்ளைகளும் இருந்திருப்பர். ஆனால் மாதத்தில் எத்தனை நாள் வேலை, குறித்த நிறைக்குக் கொழுந்து பறியாவிடின் முழுப்பேர் விழுமா, மழைக்காலத்தில் என்ன, வறட்சியில் என்ன என்பதெல்லாம் தெரியாதபோது அவ்வெண்ணும் பொருளற்ற முகவரியே. ஆயிரம் வாங்குகிறார்களே, சப்பாத்து ஏன் இல்லை என்று பிள்ளை தந்தைமேற் சினங்கொள்ளவும் கூடும். அச்சினந்த முகத்தைக் காட்டு என்று விளையாட அங்கு எவரும் இல்லை.

இங்கே ஒரு மாற்றத்தைக் குறிப்பிடல் வேண்டும். சம்பளச் சீட்டு இன்று தொழிலாளியின் கையில் வருகின்றது. எத்தனை பேர் விழுந்தன, முற்பணத்திற்கு எவ்வளவு, சேமலாப நிதிக்கு எவ்வளவு, சங்கத்துச் சந்தா எவ்வளவு என்பன அதில் உள. அதைப் படிக்க இயலாத தாய் தந்தையர் இன்னும் உள்ள வீடுகளில் அதைப் படித்துச் சொல்பவர் யார்? பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையே. பிள்ளைக்குச் சொல்வதா வேண்டாவா என்று நகரத்துப் பெற்றோர் கலங்கும் வினா அங்கே எழுவதற்கே இடமில்லை. பிள்ளை பெற்றோருக்குச் சொல்கிறது. நூறாண்டுக்கு மேலாகக் கங்காணியின் மேசையிலும் கந்தோரிலும் இருந்த கணக்கு, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வாயிலிருந்து அடுப்பங்கரையில் ஒலிக்கின்றது. பிடிப்பு ஒவ்வொன்றாக அவள் வாசிக்கிறாள், தந்தை ஒன்றன்மேல் விரல் வைத்து, "இது என்னாது?" என்று கேட்கிறார். அப்போது வீட்டில் நிகழ்வது என்ன? தந்தைக்கு நாணமா, பெருமையா? மகளுக்கு அச்சம் குறைகிறதா, பாரம் ஏறுகிறதா? இரண்டும் ஒருங்கே நிகழலாம். பத்து வயதுக் குழந்தையின் தோளில் வீட்டுக் கணக்கை முழுதும் ஏற்றுதல் கொடுமை என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மையும் உண்டு. மிக்கோபர் டேவிட்டுக்குச் செய்தது அதுவே. ஆயினும், இருட்டில் பாதி கேட்ட தொகையைவிடப் பகலில் முழுதும் வாசித்த தொகை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். சம்பளச் சீட்டை வாசிக்கும் இக்காட்சியை மையமாகக் கொண்ட மலையக நாவலொன்று எழுதப்படுமாயின், அது ஒப்பாரி மரபின் வழியில் வந்ததாக இராது; தராசின் முன் நின்ற இராமையாவின் பெண்ணுக்குத் தங்கை முறையாகும்.

பெருஞ்சித்திரனார்க்குக் குமணன் பெரும் பொருள் வழங்கினான். புலவர் வீடு திரும்பித் தம் மனைவியிடம் கூறுவதாக அமைந்தது 163ஆம் பாட்டு. உன்னை விரும்பி வந்தவர்க்கும், நீ விரும்பியவர்க்கும், சுற்றத்தின் பசி தீர உனக்குக் குறியெதிர்ப்பை தந்து உதவியவர்க்கும், என்னையும் கேளாது எல்லார்க்கும் கொடு என்கிறார். குறியெதிர்ப்பை என்பது வாங்கிய அளவே திருப்பித் தரும் கைமாற்று. அண்டை வீட்டில் அவள் வாங்கிய அக்கடன் கணவனுக்கு எப்படித் தெரிந்ததோ, அது பாட்டில் இல்லை, ஆனால் தெரிந்திருக்கிறது. அவர் அதை மறவாமல், நாணாமல், வாய்விட்டுச் சொல்கிறார். சங்கப் பாடல்களுள் கணவன் மனைவியிடம் வீட்டுக் கடனைப் பேசும் இவ்விடம் கொடைச் சிறப்புக்காகவே எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. வெறுங்கலத்தைத் திறந்து அழுத அச்சிறுவன் இப்பாட்டில் வரவில்லை. அவனுக்கு எவரேனும் செய்தி சொன்னார்களா என்பதும் தெரியவில்லை.